நொதியம் இருக்கிறதாம், ஆனால் தப்பான இடத்திலாம் – யாராவது விளங்கப்படுத்துங்கள்

வெள்ளவத்தைச் சித்தி | ஞாயிறு, இரவு 8.52

என் பெறாமகனுக்கு ஒன்பது வயது. அக்காவின் மூத்தவன். ஆறு வயதில் முதல் தடவை சிறுநீரகத்தில் கல் வந்தது. வெயில், தண்ணீர் குடிக்கிறான் இல்லை, ஸ்கூலில் அடக்கிக்கொண்டு இருக்கிறான் என்று சொல்லி மருந்து தந்து அனுப்பிவிட்டார்கள். போன வருடம் திரும்பவும் வந்தது, இந்த முறை இரண்டு பக்கமும். பிறகு பார்த்த டொக்டர்தான், இந்த வயதில் இரண்டு தரம் கல் வருவது சும்மா விடுகிற விஷயம் இல்லை என்று இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரம்பரை அலகுச் (ஜீன்) சோதனை செய்வித்தார்.

முடிவு வந்துவிட்டது. முதன்மை ஹைப்பர்ஒக்சலூரியா, வகை 1. சிறுநீரில் ஒக்சலேற்று என்ற பொருள் கூடிக் கல்லாகிற பரம்பரை வருத்தமாம். "ஈரலில் ஒரு நொதியம் இருக்கிறது, உடம்பின் இரசாயன வேலையைச் செய்கிற ஒரு புரதம். பிள்ளையின் உடம்பு அதைச் செய்யத்தான் செய்கிறது. ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இழைமணிக்குள், அதாவது கலத்துக்குச் சக்தி செய்துகொடுக்கும் சிறு உறுப்புக்குள் போய்விடுகிறது" என்றார். வெளியே நாற்பது பேர் நம்பரோடு இருந்தார்கள். மேலே கேட்க வாய் வரவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. செய்த பொருள் எப்படி இடம் மாறிப் போகும்? அடுத்தது இன்னும் அவசரம். பக்கத்து வீட்டு ஏ/எல் பையன் "இழைமணி தாய்வழியாகத்தான் வரும்" என்று அக்காவின் மாமியாரிடம் சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, எல்லாம் அக்காவின் பக்கத்துப் பிழை என்று. அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பயோ_2026 | ஞாயிறு, இரவு 9.10

அன்ரி, அந்த அண்ணா சொன்னது சரிதான். எங்கள் நோட்ஸிலும் இருக்கிறது. இழைமணிக்குச் சொந்த டி.என்.ஏ உண்டு, புரதம் செய்யும் சொந்த றைபோசோம் உண்டு, தன் புரதங்களைத் தானே தொகுக்கும். அந்த டி.என்.ஏ தாயிடமிருந்துதான் வரும். எம்.சி.கியூவில் அடிக்கடி வருகிற கேள்வி.

பழைய ரீச்சர் | ஞாயிறு, இரவு 9.41

தம்பி, நோட்ஸில் இருப்பது பொய் இல்லை, பாதி. கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் நானும் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அதனால் எனக்கும் இதில் பங்கு உண்டு.

மனித இழைமணியின் டி.என்.ஏ மிகச் சிறியது. 16,569 மூலச் சோடிகள், 37 பரம்பரை அலகுகள். அவற்றில் புரதம் செய்வதற்கானவை வெறும் 13. ஆனால் இழைமணிக்குள் வேலைசெய்கிற புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். மீதியெல்லாம் எங்கிருந்து வருகின்றன? கலத்தின் நடுவில் இருக்கும் கருவின் டி.என்.ஏயில் எழுதப்பட்டு, இழைமணிக்கு வெளியே, கலத்தை நிரப்பியிருக்கும் குழியவுருவில் செய்யப்பட்டு, பிறகு உள்ளே கொண்டுபோகப்படுகின்றன. "தன் புரதங்களைத் தானே தொகுக்கும்" என்று எழுதுவது, கொழும்பு தன் மரக்கறியைத் தானே பயிரிடுகிறது என்று எழுதுவது மாதிரி. யாரோ மொட்டை மாடியில் நாலு மிளகாய்க் கன்று வைத்திருக்கலாம். சாப்பாடு வருவது நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும்தான்.

இழைமணி ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பக்டீரியா. அந்தக் கருத்துக்கு 1967இல் லின் மார்குலிஸ் மறுபடி உயிர்கொடுத்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள். கலத்துக்குள் குடிவந்தபின் அதன் பரம்பரை அலகுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருவுக்கு இடம்மாறிவிட்டன. காணி உறுதியெல்லாம் தலைமை வீட்டில், குடியிருப்பு மட்டும் பழைய இடத்தில்.

சித்தி, உங்கள் அவசரக் கேள்விக்கு வருகிறேன். இந்த நோயில் சம்பந்தப்பட்ட நொதியத்துக்குச் சுருக்கப் பெயர் ஏ.ஜி.டி. அதன் பரம்பரை அலகு இழைமணி டி.என்.ஏயில் இல்லவே இல்லை. கருவில், இரண்டாம் நிறமூர்த்தத்தில் (குரோமசோம்) இருக்கிறது. ஒரு பிரதி தாயிடமிருந்து, ஒரு பிரதி தகப்பனிடமிருந்து. இரண்டும் பழுதானால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதென்றால் ஆள் சுகமாக இருப்பார், தனக்கே தெரியாது. உங்கள் அக்காவும் அத்தானும் அப்படித்தான். அத்தானுக்கு அந்தப் பிரதி வந்ததும் பெரும்பாலும் அந்த மாமியாரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோதான். இதைச் சொல்லும்போது மட்டும் இடம் பொருள் பார்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குத் தம்பி தங்கச்சி இருக்கிறார்களா? நாலுக்கு ஒன்று என்ற அளவில் அவர்களுக்கும் வர இடமுண்டு. டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

காலிவீதிக்காரன் | ஞாயிறு, இரவு 10.15

நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. ரீச்சர் சொல்வது எனக்கு அப்படியே கன்ரெய்னர் மாதிரி இருக்கிறது. லேபல் இருக்கும், கேற் இருக்கும், கேற்றில் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். லேபல் மாறினால் தப்பான யார்டுக்குப் போய்விடும். ஒரு தடவை மின்விசிறிக்காகக் காத்திருந்த எங்கள் வாடிக்கையாளருக்கு மீன்வலை வந்து இறங்கியது. பிழை எங்கள் பக்கமா கப்பல் பக்கமா என்று இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை. இந்த நொதியமும் அப்படித்தானா?

ஆய்வுகூட எலி | ஞாயிறு, இரவு 11.28

உயிர்இரசாயனத்தில் எம்.பில் செய்துகொண்டிருக்கிறேன், இதுதான் என் சாப்பாடு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லேபல் பகுதி சரி. புரதம் எங்கே போகவேண்டும் என்ற விலாசம் அந்தப் புரதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்பதைக் காட்டியதற்குத்தான் கியூண்டர் புளோபெலுக்கு 1999இல் நோபல் கொடுத்தார்கள். இழைமணியின் உள்ளறைக்குப் போகும் பெரும்பாலான புரதங்களுக்குத் தலைப்பக்கத்தில் ஒரு சிறு வால் இருக்கும் (தலையில் வால், மன்னிக்கவும்). பதினைந்திலிருந்து ஐம்பது அமினோவமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) வரை. அது சுருளாக முறுக்கிக்கொள்ளும். சுருளின் ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மை, மற்றப் பக்கம் நேரேற்றம்.

இழைமணிக்கு இரண்டு மென்சவ்வு. வெளிச்சவ்வில் டொம் என்ற புரதக் கூட்டணி. அதில் டொம்20, டொம்22 என்ற புரதங்கள் அந்தச் சுருளைத் தடவிப் பார்த்துப் பிடிக்கும். டொம்40 என்பது துளை. உள்சவ்வில் அடுத்த வாசல், டிம்23. உள்சவ்வின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை எதிரேற்றமாக இருக்கும். நேரேற்றம் உள்ள தலைப்பை அந்த மின்னழுத்தமே உள்ளே இழுக்கும். தலைப்பு உள்ளே வந்ததும் ஹெச்.எஸ்.பி.70 என்ற மோட்டார் கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பியைச் செலவழித்து மிச்சத்தைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். கடைசியில் ஒரு நொதியம் விலாசச் சுருளை வெட்டி எறிந்துவிடும். பிறகுதான் புரதம் தன் வடிவத்துக்கு மடியும்.

எல்லாப் புரதமும் இந்த வழியில் வருவதில்லை. உள்சவ்வில் பதிகிறவை பலவற்றுக்கு டிம்22, வெளிச்சவ்வில் பீப்பாய் வடிவத்தில் நிற்கிறவைக்கு சாம், இரண்டு சவ்வுக்கும் இடையில் தங்குகிறவைக்கு மியா. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

காலிவீதி அண்ணா, உங்கள் கன்ரெய்னர் உடைகிற இடம் இதுதான். டொம்40 துளையின் அகலம் சுமார் 2 நனோமீற்றர். மடிந்து முடிந்த புரதம் அதற்குள் போகவே போகாது. பெட்டியைப் பெட்டியாகவே உள்ளே விடுவது துறைமுகம். இங்கே பெட்டியைப் பிரித்து, ஒரே கயிறாக்கித்தான் விடவேண்டும்.

தையல்மெஷின் | திங்கள், காலை 6.20

புறக்கோட்டையில் தையல் வேலை செய்கிறேன். விஞ்ஞானம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இது கன்ரெய்னர் இல்லை, பாவாடைக்கு நாடா கோர்ப்பது.

நாடாவின் தலைப்பில் ஊக்கைக் குத்துகிறோம். ஊக்குத்தான் இடுப்பு மடிப்பின் வாய்க்குள் முதலில் போகிறது. பிறகு துணியைச் சுருக்கி, விரலால் பிடித்து, விட்டு, திரும்பப் பிடித்து இழுக்கிறோம். மறுபக்கம் வந்ததும் ஊக்கைக் கழற்றி எடுத்துவிடுகிறோம். ஊக்கு இல்லாத நாடா உள்ளே போகாது. நாடாவில் முடிச்சு இருந்தாலும் போகாது. பாதி வழியில் சிக்கினால் அந்த மடிப்பில் வேறு எதையும் கோர்க்கவும் ஏலாது.

சரியா பிழையா?

ஆய்வுகூட எலி | திங்கள், காலை 7.02

அக்கா, நான் செமினாரில் பதினெட்டு ஸ்லைட் போட்டுச் சொன்னதை நீங்கள் ஒரு பாவாடையில் சொல்லிவிட்டீர்கள். அடுத்த முறை ஊக்கும் நாடாவும் கொண்டுபோகப் போகிறேன்.

முடிச்சு என்று சொன்னீர்களே, அதற்கு ஒரு பரிசோதனையே உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசலில் கொட்ஃபிரீட் ஷாட்ஸ் என்பவரின் ஆய்வுகூடம், 1986. இழைமணிக்குச் சம்பந்தமே இல்லாத எலியின் நொதியம் ஒன்றை எடுத்து, அதன் தலையில் இழைமணி விலாசத்தை ஒட்டினார்கள். மதுவத்தின் (ஈஸ்ற்) இழைமணிக்குள் அது போனது, ஊக்கு வேலைசெய்தது. பிறகு அதே நொதியத்தோடு மெதொட்ரெக்சேட் சேர்த்தார்கள். அந்த மருந்து நொதியத்தின் நடுவில் போய் ஒட்டிக்கொண்டு அதை விரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஊக்கு அதே ஊக்கு. ஆனால் நாடா வாசலிலேயே நின்றுவிட்டது. விரிந்தால்தான் உள்ளே போகலாம் என்று அப்படித்தான் நிரூபித்தார்கள்.

மருதானை மருந்துக்கடை | திங்கள், காலை 9.48

தம்பி, மெதொட்ரெக்சேட் என்று எழுதிவிட்டுச் சும்மா போகாதீர்கள். மூட்டுவாதத்துக்கு அதைக் குடிக்கிற எத்தனையோ பேர் என் கடைக்கு வருகிறார்கள், அவர்களும் இதை வாசிப்பார்கள். அந்த முடிச்சு சோதனைக் குழாயில், செயற்கையாக ஒட்டிய நொதியத்தில் போட்டது. உங்கள் இழைமணியின் வாசலை அந்த மாத்திரை அடைக்காது. தானாக நிறுத்த வேண்டாம். அதேபோல, மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு தரம்தான், தினமும் இல்லை. மாறித் தினமும் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆய்வுகூட எலி | திங்கள், பகல் 12.35

நன்றி நானா, அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

இனிச் சித்தியின் பிள்ளைக்கு வருவோம். ரிப்போர்ட்டில் ஏ.ஜி.டியில் இரண்டு மாற்றங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று அதன் அமினோவமிலச் சங்கிலியின் 11ஆவது இடத்தில், மற்றது 170ஆவது இடத்தில்.

வெள்ளவத்தைச் சித்தி | திங்கள், பகல் 1.05

ஓம், இரண்டு எண்ணும் அப்படியே இருக்கிறது. எப்படித் தெரியும்?

ஆய்வுகூட எலி | திங்கள், பின்னேரம் 4.50

டொக்டர் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்துதான். இடம் மாறிப் போகிற வகைக்குப் பேர்போனது இந்தச் சோடி. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் டான்பியூரின் குழு 1980களின் கடைசியிலிருந்து இதைத் துருவித் துருவிப் பார்த்திருக்கிறது.

ஏ.ஜி.டி வேலைசெய்ய வேண்டிய இடம் ஈரல் கலத்துக்குள் இருக்கும் பெரொக்சிசோம் என்ற இன்னொரு சிறு உறுப்பு. அங்கே உண்டாகிற கிளைஒக்சிலேற்று என்ற பொருளை அது கிளைசின் ஆக்கிவிடும். ஆக்காவிட்டால் அந்தப் பொருள் ஒக்சலேற்று ஆகும், ஒக்சலேற்று கல்சியத்தோடு சேர்ந்து கல்லாகும்.

11ஆவது இடத்து மாற்றம், புரோலினுக்குப் பதில் லியூசின். இதனால் நொதியத்தின் தலையில் தற்செயலாக ஒரு தொய்ந்த ஊக்கு முளைக்கிறது. இந்த மாற்றம் சுகமாக இருக்கும் நிறையப் பேருக்கு உண்டு. அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏன் தெரியுமா? நொதியம் செய்து முடிந்ததும் சட்டென்று மடிந்து இரண்டிரண்டாகக் கோர்த்துக்கொள்கிறது. தையல் அக்காவின் முடிச்சு. ஊக்கு இருந்தும் இழைமணிக்குள் போக முடியாது. பெரொக்சிசோமின் வாசலோ வேறு மாதிரி, மடிந்த புரதத்தையும் அது உள்ளே எடுக்கும்.

170ஆவது இடத்து மாற்றம், கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். இது மடிவதைத் தாமதிக்கிறது. நாடா முடிச்சு விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் தொய்ந்த ஊக்குக்கும் இழைமணி வாசல் கிடைத்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு நொதியம் அங்கே போய்விடும். உள்ளே போனதும் நன்றாக மடிந்து வேலைக்கு ஆயத்தமாகத்தான் நிற்கும். ஆனால் கழுவவேண்டிய பாத்திரம் வேறு குசினியில்.

இந்தச் சோடி உள்ளவர்களில் பலருக்கு விற்றமின் பி6 உதவுகிறது. நொதியத்தின் துணைப்பொருள் பி6இலிருந்து வருவது. அது கிடைத்தால் நொதியம் கொஞ்சம் உறுதியாக மடிகிறது, இடம் மாறுவதும் குறைகிறது.

ஒரு சுவையான விஷயம். பூனையில் இந்த நொதியம் இயல்பாகவே பெரும்பாலும் இழைமணியில்தான் இருக்கும். முயலிலும் மனிதரிலும் பெரொக்சிசோமில். இறைச்சி தின்னும் உடம்புக்குக் கிளைஒக்சிலேற்று இழைமணியில் அதிகம் உண்டாகிறது, இலை தின்னும் உடம்புக்குப் பெரொக்சிசோமில். சாப்பாட்டைப் பார்த்து விலாசமே மாறியிருக்கிறது. உங்கள் பெறாமகனின் ஈரல் ஒரு பூனையின் விலாசத்தை எழுதிவைத்திருக்கிறது.

மருதானை மருந்துக்கடை | திங்கள், பின்னேரம் 5.15

பி6 என்று வாசித்ததும் யாரும் கடைக்கு ஓடிவர வேண்டாம். இதற்குக் கொடுக்கும் அளவு சாதாரண மாத்திரையைவிடக் கூட, அதை டொக்டர்தான் பிள்ளையின் எடைக்குக் கணக்குப் பார்த்துத் தரவேண்டும். கூடுதலாக நீண்ட நாள் எடுத்தால் நரம்பைக் கெடுக்கும். கூடிய அளவு விற்றமின் சி மாத்திரையும் இந்தப் பிள்ளைக்குக் கூடாது, உடம்பில் அது ஒக்சலேற்றாக மாறும். தண்ணீர் மட்டும் டொக்டர் சொன்ன அளவுக்குத் தாராளமாக.

காலிவீதிக்காரன் | திங்கள், இரவு 7.30

என் கன்ரெய்னர் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோயும் இதுதானா?

பழைய ரீச்சர் | திங்கள், இரவு 7.52

இல்லை. அது வேறு கதை, அதன் காரணம் பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம். ஒக்சலேற்று என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது காமரங்காச் சாறு. சீனி வருத்தத்துக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் குவளை குவளையாகக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த நாட்டில் உண்டு.

[விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது – நடத்துநர்]

மருதானை மருந்துக்கடை | திங்கள், இரவு 9.20

நீக்கமுன் வாசித்துவிட்டேன். "இழைமணிப் புரதம்" டப்பாவில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு! வாயால் விழுங்கும் புரதம் இரைப்பையிலேயே துண்டு துண்டாகிவிடும். ஊக்கும் மிஞ்சாது, நாடாவும் மிஞ்சாது. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

பயோ_2026 | திங்கள், இரவு 10.05

அன்ரி, முதலில் எழுதியதற்கு மன்னிக்கவும். ஆய்வுகூட அண்ணாவிடம் ஒரு கேள்வி. இங்கே விலாசம்தான் பிழை, வாசல் நல்லது. வாசலே பழுதானால் என்ன ஆகும்? டொம்40ஐயும் வெளியில்தானே செய்கிறார்கள், அது எந்த வாசலால் உள்ளே போகும்?

ஆய்வுகூட எலி | செவ்வாய், அதிகாலை 12.40

இரண்டாவது கேள்விக்கு முழுப் புள்ளி. டொம்40 ஏற்கெனவே இருக்கிற டொம்40 வழியாகத்தான் போகும். வாசல் இல்லாமல் வாசல் கட்ட முடியாது. ஆகவே எந்தக் கலமும் வெறுமையிலிருந்து இழைமணி செய்வதில்லை, இருப்பதை வளர்த்துப் பிரித்துக்கொள்கிறது.

வாசல் முழுதாகப் பழுதானால் வயிற்றில் பிள்ளையே தங்காது. அதனால் நாங்கள் பார்க்கும் நோய்கள் வாசலின் ஓரத்து உறுப்புகளில் வருபவை. மோர்-ட்ரானேபியார்க் நோயில் பையன்களுக்குச் சிறு வயதிலேயே காது கேளாமல் போகும், பிறகு தசைகள் தானாக முறுக்கிக்கொள்ளும். அதற்குக் காரணமான புரதம், இரண்டு சவ்வுக்கும் நடுவே மற்றப் புரதங்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகும் சின்ன டிம் ஒன்று. இது 1999இல் தெரியவந்தது. கொரோனா வைரசும் வாசலில் கைவைக்கிறது. அதன் ஓ.ஆர்.எஃப்.9பி என்ற புரதம் டொம் கூட்டணியில் உள்ள டொம்70ஐப் பிடித்துக்கொள்ளும் என்று 2020இலேயே கண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிங்க்1 என்ற புரதம். கலம் இதை ஓயாமல் செய்து இழைமணிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இழைமணி சுகமாக இருந்தால் உள்ளே இழுத்து, வெட்டி, அழித்துவிடும். வீணான வேலை மாதிரித் தெரியும். ஆனால் இழைமணி சோர்ந்து மின்னழுத்தம் விழுந்துவிட்டால் இழுக்க ஆள் இல்லை. பிங்க்1 டொம் வாசலிலேயே தேங்கி நிற்கும். ஒரு வீட்டுக் கேற்றில் நாலு நாள் பேப்பர் எடுக்காமல் கிடந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? அதேதான். தேங்கிய பிங்க்1 பார்கின் என்ற இன்னொரு புரதத்தைக் கூப்பிடும், அந்த இழைமணி மொத்தமாக அகற்றப்படும். பார்கினின் பரம்பரை அலகை 1998இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள், பிங்க்1க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2004இல் வந்தது. இரண்டில் எது பழுதானாலும் இள வயதிலேயே பார்க்கின்சன் வரும். டொம் வாசலில் பிங்க்1 எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற படத்தை மெல்போர்னில் ஒரு குழு 2025இல்தான் வெளியிட்டது.

பழைய ரீச்சர் | செவ்வாய், காலை 5.55

என் அண்ணாவுக்குப் பார்க்கின்சன். எழுபத்தொரு வயதில் தொடங்கியது. அப்படியென்றால் எனக்கும் வருமா?

ஆய்வுகூட எலி | செவ்வாய், காலை 8.10

ரீச்சர், பிங்க்1, பார்கின் பிழையால் வருவது சிறுபான்மை, அதுவும் பெரும்பாலும் நாற்பதுக்கு முன்னே தொடங்கும். எழுபதில் தொடங்கியதற்கு வயது உட்படப் பல காரணங்கள் இருக்கும். அண்ணாவை வைத்து உங்களுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

ஊக்கை மருந்தாகவும் பாவிக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். லீபர் என்ற பார்வை நரம்பு நோய் உண்மையாகவே தாய்வழி. அந்த 13 புரதங்களில் ஒன்றான என்.டி.4இன் எழுத்துப் பிழை, 11,778ஆவது இடத்தில். இழைமணிக்குள் இருக்கும் டி.என்.ஏயைத் திருத்துவது கஷ்டம். அதனால் என்.டி.4 பரம்பரை அலகைத் தலையில் ஒரு விலாசத்தோடு எழுதி, தீங்கில்லாத வைரஸ் மூலம் கண்ணுக்குள் ஏற்றிப் பார்க்கிறார்கள். கரு அதைப் படிக்கும், குழியவுரு செய்யும், வாசல் உள்ளே இழுக்கும். பரிசோதனைகளில் ஒரு கண்ணில் ஊசி போட்டவர்களில் சிலருக்கு மற்றக் கண்ணிலும் பார்வை கொஞ்சம் தெளிந்ததைக் கண்டு ஆய்வாளர்களே தலையைச் சொறிந்தார்கள்.

தையல்மெஷின் | செவ்வாய், காலை 8.31

நூறு கோடி வருடத்துக்கும் மேலான காலத்துக்கு முன்னே அந்த இழைமணி வெளியே கொடுத்துவிட்ட வேலைகளில் மிச்சம் இருந்ததையும் நீங்கள் வெளியே எடுக்கிறீர்கள். சித்தி, பிள்ளைக்கு எப்படி?

வெள்ளவத்தைச் சித்தி | அடுத்த வியாழன், இரவு 9.15

மறுமொழி எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். பி6 தொடங்கியாயிற்று. சில வாரம் கழித்துச் சிறுநீரில் ஒக்சலேற்று குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஈரலில் கிளைஒக்சிலேற்று உண்டாவதையே குறைக்கும் லுமாசிரான் என்ற ஊசி 2020இலிருந்து வெளிநாட்டில் இருக்கிறதாம், ஆனால் விலை சொன்னபோது அத்தான் கதிரையில் இருந்துவிட்டார். முதலில் பி6ஐப் பார்ப்போம் என்கிறார் டொக்டர்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன், ஒரு பழைய பாவாடையும் நாடாவும் ஊக்கும் கொண்டு. மாமியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாடாவில் முடிச்சுப் போட்டுக் காட்டியபோது எட்டிப் பார்த்தார். ரீச்சர் சொன்ன இரண்டு பிரதிக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன் தம்பி ஒருவர் இருபத்தாறு வயதில் கல் வருத்தத்தில் போனவர் என்றார். அக்கா கல்யாணம் செய்து வந்து பதினொரு வருடம், அந்த வீட்டில் இதை யாரும் கதைத்ததே இல்லை. அது இதே நோய்தானா என்று இனி யாருக்கும் தெரியாது.

சின்னவளுக்கு நாலு வயது. அவளுடைய இரத்தமும் போயிருக்கிறது. இன்று அவளுக்கு இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் சேர்க்கிற நாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒரு துளியும் விடாமல் கானில் பிடிக்கவேண்டும். அக்காவைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு மாமியார்தான் கொப்பியில் நேரம் எழுதிக்கொண்டு குளியலறை வாசலில் கதிரை போட்டு இருக்கிறார்.